மேடை யாருக்கு? வாடகைப் பாட்டுக்கா, சொந்தப் பாட்டுக்கா?

சென்ற பொங்கல் விழாவைப் பற்றி நம் சங்கத்தின் கிளைகளில் இன்னும் புகழ்ந்து பேசுகிறார்கள். மண்டபம் நிரம்பி வழிந்தது என்கிறார்கள். ஆர்கெஸ்ட்ரா பிரமாதம் என்கிறார்கள். சர்க்கரைப் பொங்கல் கடைசிப் பந்தி வரைக்கும் வந்தது என்கிறார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் அதே விழாவில், அதே மேடையில் நடந்த ஓர் அநியாயத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டியவர்களில் முதல் ஆள் நாம். ஆகவே எழுதுகிறோம்.

அழைப்பிதழின் கடைசியில் பொடி எழுத்தில் "உள்ளூர்க் கலைஞர்கள் – 10 நிமிடம்" என்று ஒரு வரி இருந்தது. அந்தப் பத்து நிமிடத்துக்குச் சொந்தக்காரர் ஒரு தம்பி. ஊர் விருதுநகர்ப் பக்கம். ஐ.டி.ஐ. முடித்துவிட்டுச் சாகணுக்கு வந்தவர். நாணேகர்வாடியில் ஐந்து பேர் அறையில் ஆறாவது ஆளாகப் படுத்திருப்பவர். காண்டிராக்டில் பிரஸ் ஷாப் வேலை. அவரிடம் இருப்பது ஒரு பழைய கிடார். அதிலும் ஒரு தந்தி கிடையாது. அன்றைக்குப் பாடுவதற்காக ஒரு நாள் கூலியை இழந்துவிட்டு வந்திருந்தார்.

அவர் பாடிய பாட்டு அவரே கட்டியது. ஷிப்டு முடிந்து அறைக்கு வந்தவன் அம்மாவுக்குப் போன் செய்கிறான். "சாப்பிட்டாயா?" என்கிறாள். "சாப்பிட்டேன்" என்கிறான். "நீ?" என்கிறான். "நானும் சாப்பிட்டேன்" என்கிறாள். இரண்டும் பொய். இரண்டு பேருக்கும் அது தெரியும். பாட்டின் முதல் பாதி இவ்வளவுதான். மண்டபத்தில் பின்வரிசையில் நின்றுகொண்டிருந்த பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பி நின்றார்கள்.

இரண்டாம் பாதி நடக்கவில்லை. சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது. வாசலை மறித்து நிற்கும் வெள்ளை வண்டியை உடனே எடுக்கும்படி அறிவிப்புச் செய்ய மைக் தேவைப்பட்டது. தம்பியின் கையிலிருந்து மைக் வாங்கப்பட்டது. பிறகு வரவேற்பு, பொன்னாடை, உரை, ஆர்கெஸ்ட்ரா. தம்பி கிடாரைத் துணியில் சுற்றிக்கொண்டு சாப்பிடாமலே போய்விட்டார்.

அந்த மைக்கை வாங்கியது யார் தெரியுமா? விழாக் குழுவில் இருந்த நாமேதான்! வேறொருவர் மீது பழி போட்டு இந்தக் கட்டுரையை எழுத நமக்கு அருகதை இல்லை.

வசூலில் பாதிக்கு மேல் ஆர்கெஸ்ட்ராவுக்குப் போயிற்று. அவர்கள் பாடிய அத்தனை பாட்டும் நம் ஒவ்வொருவர் செல்போனிலும் இலவசமாகக் கிடக்கிற பாட்டு. இலவசமாகக் கிடைப்பதைக் காசு கொடுத்து வரவழைத்தோம். காசு கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காததைப் பாதியில் நிறுத்தினோம். இது எந்த வகையில் நியாயம்?

நம்மிடையே உள்ள பாட்டுக்காரர்கள்

இந்தத் தம்பி ஒருவர்தானா? இல்லை. கராப்வாடியில் ஒரு காண்டீனில் தினம் நூற்றுக்கணக்கில் சப்பாத்தி தேய்க்கிற அக்கா ஒருவர் இருக்கிறார். தருமபுரி மாவட்டத்துக்காரர். குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்தவர். இரவில் போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஊரில் உறங்காத பிள்ளைக்கு இங்கிருந்து தாலாட்டுப் பாடுகிறார். பழைய தாலாட்டின் மெட்டில் மாமன் கொண்டுவரும் வெள்ளித் தொட்டில் இருந்த இடத்தில் இப்போது மாதம் பிறந்தால் வரும் மணியார்டர் இருக்கிறது. சொல்லை அவரே மாற்றிக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இன்னொருவர், கும்பகோணத்துப் பக்கம் இருந்து வந்த பெரியவர். மாளுங்கேயில் ஒரு கம்பெனி வாசலில் இரவுக் காவல். காமன் பண்டிகையில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரவெல்லாம் லாவணி பாடி வளர்ந்தவர். டேப் தட்டுவதில் சூரர். கேட்டுக்கு வருகிற லாரிகளின் நம்பரை நோட்டில் எழுதுவதற்கு இடையில், அந்த லாரிகள் எங்கிருந்து வந்தன, எங்கே போகின்றன, தாம் மட்டும் ஏன் அந்த கேட்டை விட்டு நகரவில்லை என்று கேள்வியும் பதிலுமாகப் பாட்டுக் கட்டுகிறார்.

சாகணைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. புனேயிலிருந்து நாசிக் போகும் நெடுஞ்சாலையில் இருக்கிறது இவ்வூர். முன்பு வெங்காயச் சந்தையால் பேர் பெற்றது. இன்று கார்த் தொழிற்சாலைகளால் பேர் பெற்றிருக்கிறது. இங்கே ரயில் நிலையம் கிடையாது. நம்மவர் புனே ஜங்ஷனில் இறங்கி, பஸ்ஸைப் பிடித்து, டிரங்குப் பெட்டியோடு தளேகாவ் சவுக்கில் வந்து நிற்கிறார்கள். ரயில்வேயில் குமாஸ்தாவாக டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்காருகிற நமக்கு அவர்கள் முகம் தெரியும். பதினோரு மணிக்குத் திறக்கும் தட்கலுக்காக விடியற்காலையிலிருந்து நின்றுவிட்டு, கவுண்டர் ஓட்டையில் குனிந்து, "சார், அப்பா செத்துட்டார், எப்படியாவது ஒரு சீட்" என்று தமிழில் கேட்கிறவனுக்கு "வெயிட்டிங்தான்" என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அவன் ஊர் போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். அதற்குள் காரியம் முடிந்துவிடும். அவன் அழுவதில்லை. பின்னால் வரிசை நிற்கிறதே! அந்த அழாத அழுகை எங்கே போகிறது? அது பாட்டாக வந்தால் உண்டு. வராவிட்டால் சாராயக் கடைக்குப் போகிறது. அல்லது மனத்துக்குள்ளேயே கிடந்து ஆளைத் தின்கிறது.

எதிர்வாதங்கள் நான்கு

இந்தப் பேச்சை எடுத்தாலே நம் தோழர்கள் நான்கு விதமாக மறுக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"கூட்டம் வராது" என்பது முதல் மறுப்பு. கூட்டம் எதற்கு வருகிறது? பொங்கலுக்கு வருகிறது, தன் பாஷையைக் கேட்க வருகிறது, ஊர்க்காரனைப் பார்க்க வருகிறது. ஆர்கெஸ்ட்ரா இல்லாத ஆண்டிலும் கூட்டம் வந்ததே! சினிமாப் பாட்டுக்கு நாம் விரோதி அல்ல. நாமும் குளிக்கும்போது முணுமுணுக்கிறவர்கள்தாம். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 29 வயதில் 1959-ல் மறைவதற்குள் அந்தச் சினிமாவுக்குள்ளேயே உழைப்பவன் குரலைக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பதை மறுக்க முடியுமா? ஆனால் விருந்து வேறு, தினச்சோறு வேறு. விருந்துக்காரனை வீட்டுக்கு அழைப்பதற்காக வீட்டுக்காரனை வெளியே தள்ளக் கூடாது.

"தரம் இல்லை, சுருதி சேரவில்லை" என்பது இரண்டாவது. ஆறு தந்தியில் ஐந்துதான் இருக்கிறதென்றால் சுருதி எப்படிச் சேரும்? தந்தி வாங்கிக் கொடுத்தோமா? ஒத்திகைக்கு இடம் கொடுத்தோமா? ஆர்கெஸ்ட்ராவுக்கு மாலை நான்கு மணியிலிருந்து மைக் சரிபார்த்தோம். தம்பிக்கு மைக்கின் உயரத்தைக் கூடச் சரிசெய்யவில்லை. தண்ணீர் விடாமல் செடி வாடியது என்று குறை சொல்கிறோம்.

மூன்றாவது, "நல்ல நாளில் சோகப் பாட்டு எதற்கு?" இதுதான் ரொம்பவும் யோசிக்க வேண்டியது. வருஷம் முழுவதும் சோகத்தை யாரிடமும் சொல்ல வழியில்லாதவன், ஊர்க்காரர் எல்லாம் கூடுகிற அந்த ஒரு நாளிலும் சொல்லக் கூடாதென்றால் எந்த நாளில் சொல்வது? நம் ஊரில் சாவு வீட்டில் ஒப்பாரி வைக்கும் பெண்கள் செத்தவரை மட்டுமா அழுகிறார்கள்? மாமியார் கொடுமை, கடன், வராத மழை எல்லாவற்றையும் அழுகிறார்கள். அழுது முடித்து முகம் கழுவி, காரியத்தைப் பார்க்கிறார்கள். அழுகையைச் சபையில் வைக்கத் தெரிந்த சமூகம் நம்முடையது. பட்டணத்துக்கு வந்ததும் அதை வெட்கம் என்று யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

நான்காவது, நம்மில் தீவிரமான தோழர்கள் சொல்வது: "வெறும் புலம்பல், இதில் அரசியல் எங்கே?" இதற்கும் நாம் குற்றவாளியே. விழாவுக்கு ஒரு வாரம் முன்பு தம்பியிடம், கடைசியில் சங்கத்தில் சேருங்கள் என்று ஒரு அடி போட்டுவிடப்பா என்று கேட்டோம். அவர் சொன்னார்: "அண்ணே, அது எனக்கு இன்னும் தோணல. தோணினா எழுதறேன்."

அன்று அந்தப் பதில் நமக்குக் கசந்தது. இன்று அதுவே நேர்மை என்று தெரிகிறது. கோஷத்தைத் தாளத்தில் போட்டால் பாட்டாகிவிடாது. கோஷத்துக்கு ஊர்வலம் இருக்கிறது, சுவர் இருக்கிறது, இந்தப் பத்திரிகை இருக்கிறது. பாட்டு என்பது, ஒருவன் தனக்கு மட்டும்தான் என்று எண்ணி மறைத்து வைத்திருந்த துயரத்தை இன்னொருவன் வாயால் கேட்கிற இடம். அங்கே பொய் கலந்தால் கேட்கிறவனுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒரு பாட்டு செய்த வேலை

வேண்டுமானால் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். தம்பியிடம் இன்னொரு பாட்டு உண்டு. பிரஸ்ஸில் இரண்டு விரலைக் கொடுத்துவிட்ட அறைத்தோழனைப் பற்றியது. ஊரில் பெண் பார்க்கப் போகும்போது கையைப் பாக்கெட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறான். காப்பி டம்ளரை வாங்குவதற்குக் கையை எடுத்தாக வேண்டும். அவ்வளவுதான் பாட்டு. முதலாளி ஒழிக என்று அதில் ஒரு சொல் இல்லை.

காண்டிராக்டுத் தொழிலாளர் ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும், விபத்து நடந்தால் பதிவு செய்ய வைக்க வேண்டும் என்று நாம் மூன்று மாதம் துண்டறிக்கை கொடுத்தோம். ஒருவரும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் இந்தப் பாட்டைத் தம்பி பாடினார். முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவர் தம் இடது கையை மேசை மேல் வைத்தார். அடுத்தவர் வைத்தார். அன்று மட்டும் ஆறு பேர். ஆறு பேருக்கும் ஈ.எஸ்.ஐ. எண்ணே போடப்படவில்லை என்பது அப்போதுதான் நமக்குத் தெரிந்தது. மனு எழுதினோம். மூவருக்கு எண் வந்தது. ஒருவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். மற்ற இருவர் மனு இன்னும் நிற்கிறது. முழு வெற்றி என்று பீற்றிக்கொள்ள மாட்டோம். ஆனால் துண்டறிக்கையால் மேசைக்கு வராத கைகளை அந்தப் பாட்டு வரவழைத்தது. இதில் அரசியல் எங்கே என்று இனியும் கேட்பீர்களா?

இந்த மண் சொல்லும் பாடம்

நாம் பிழைக்க வந்த இந்தப் பூமியைச் சற்றுப் பாருங்கள். சாகணுக்குப் பக்கத்தில் இருக்கிறது தேகு. துக்காராமின் ஊர். 1630-ஐ ஒட்டி வந்த கொடும் பஞ்சத்தில் மனைவியையும் மகனையும் பறிகொடுத்தவர் அவர். கடை நொடித்துப்போனவர். அந்தத் துயரத்தை, அந்த அவமானத்தை, கடவுளோடு போட்ட சண்டையை அப்படியே அபங்கமாகப் பாடினார். சூத்திரன் இதையெல்லாம் பாடலாமா என்று சொல்லி, அவர் ஏடுகளை இந்திராயணி ஆற்றில் போடச் செய்தார்கள் என்று சொல்லப்படுகிறது. பதின்மூன்றாம் நாள் ஏடுகள் நனையாமல் மிதந்து வந்தன என்பது பக்தர்கள் நம்பிக்கை. ஜனங்களின் வாயில் இருந்த பாட்டை ஆற்றால் மூழ்கடிக்க முடியவில்லை என்று நாம் எடுத்துக்கொள்ளலாம். ஆடி மாதத்தை ஒட்டித் தேகுவிலிருந்தும் ஆளந்தியிலிருந்தும் பண்டரிபுரத்துக்கு நடக்கிற லட்சக்கணக்கான ஜனங்கள் இன்றைக்கும் அந்தப் பாட்டைத்தான் பாடிக்கொண்டு நடக்கிறார்கள்.

அடுத்து, இந்த மாவட்டத்துப் பெண்கள். விடியுமுன் எழுந்து திரிகை சுற்றும்போது பாடுகிற பாட்டுக்கு இங்கே ஓவி என்று பெயர். புனேயைச் சேர்ந்த ஹேமா ராய்ர்கரும், பிரான்சிலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட கீ புவாத்வேனும் பல ஆண்டுகள் கிராமம் கிராமமாகப் போய் அவற்றைத் திரட்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களில், மூவாயிரத்துக்கும் அதிகமான பெண்களிடமிருந்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பாடல்கள்! 2017 முதல் 'பாரி' என்ற கிராமிய ஆவணக் களஞ்சியம் அவற்றை வெளியிட்டு வருகிறது. பெண்ணாய்ப் பிறந்த துயரம், புகுந்த வீட்டுப் பாடு, அண்ணன் மேல் பாசம், அம்பேத்கர் மீது வைத்த நம்பிக்கை எல்லாம் அதில் இருக்கின்றன. மாவு மில் வந்து திரிகை நின்ற பிறகும் பாட்டு நிற்காததற்குக் காரணம், ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு போய் உட்கார்ந்து கேட்டதுதான். நம் காண்டீன் அக்காவிடம் நோட்டுப் புத்தகத்தோடு போனவர் யார்?

இவர்கள் எல்லாரையும் விட நமக்கு நெருங்கிய சொந்தக்காரர் அண்ணாபாவ் சாட்டே. 1920-ல் வாடேகாவ் கிராமத்தில், தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மாங்கு சாதியில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் கால் வைத்தது ஒன்றரை நாள் என்பார்கள். பிழைப்புத் தேடிக் குடும்பத்தோடு பம்பாய்க்கு நடந்தே வந்தவர். ஆலைத் தொழிலாளியாக இருந்தவர். 1944-ல் அமர் ஷேக், கவாண்கர் ஆகிய இரு தோழர்களோடு சேர்ந்து லால் பாவ்டா கலாபதக் என்ற செங்கொடிக் கலைக்குழுவைத் தொடங்கினார். டப் ஒன்று, துந்துணே என்ற ஒற்றைத் தந்தி ஒன்று; இவற்றை வைத்துக்கொண்டு சால்களின் முற்றத்தில் பாடினார்.

அவருடைய பாட்டுகளில் மராத்தி ஜனங்கள் மறக்காதது 'மாஜி மைனா'. ஊரில் இளம் மனைவியை அழ விட்டுவிட்டுப் பம்பாய்க்கு வந்த ஒரு கூலிக்காரனின் ஏக்கம் அது. மனைவியின் அழகை, அவள் கண்ணீரை, பிரிகிற வேளையை அவன் நினைத்து நினைத்துப் பாடுகிறான். அந்த ஏக்கத்திலிருந்தே பாட்டு மெல்ல நகர்ந்து, மராத்தி பேசும் பகுதிகள் தாய் நிலத்திலிருந்து பிரிந்து கிடக்கும் வேதனைக்குப் போகிறது. சம்யுக்த மகாராஷ்டிர இயக்கத்தின் மேடைகளில் அந்தப் பாட்டு முழங்கிற்று. 1960 மே 1 அன்று மகாராஷ்டிரம் பிறந்தது. கவனியுங்கள் தோழர்களே! அவர் மாநிலத்தில் தொடங்கவில்லை, மனைவியில் தொடங்கினார். மனைவியைப் பிரிந்தவன் சொல்வது பொய்யில்லை என்று கேட்டவர்களுக்குத் தெரிந்ததால்தான் மற்றதையும் நம்பினார்கள். 1969-ல் வறுமையில் இறந்தார். இன்று ஆகஸ்ட் 1 தோறும் இங்கே சவுக்குக்குச் சவுக்கு அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள்.

அந்தப் பாட்டு லாவணி வகையைச் சேர்ந்தது. நம் காவலாளிப் பெரியவர் கும்பகோணத்தில் கற்றதும் லாவணிதான். அது எப்படி அங்கே போயிற்று? 1676 முதல் 1855 வரை தஞ்சையை ஆண்ட மராத்தியரோடு போயிற்று. இந்த நாட்டு ஜனங்கள் பிழைக்கவும் ஆளவும் நம் நாட்டுக்கு வந்தபோது தங்கள் பாட்டையும் கொண்டுவந்தார்கள். அது நம் பாட்டாகிவிட்டது. இப்போது நாம் இங்கே பிழைக்க வந்திருக்கிறோம். நாம் கொண்டுவந்தது என்ன? பென்டிரைவில் சினிமாப் பாட்டு மட்டும்தானா?

கடல் கடந்தவர்களும் மலை ஏறியவர்களும்

புலம்பெயர்ந்த தமிழனுக்குப் பாட்டுப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 1931-ல் தொழிலாளர் சம்மேளனம் கண்ட கோ. நடேசய்யரைச் சங்கத்துக்காரர்கள் அறிவோம். அவருடைய மனைவி மீனாட்சி அம்மாளை எத்தனை பேர் அறிவோம்? தோட்டத்துக் கூட்டங்களில் தாமே எழுதிய பாட்டுகளைப் பாடி ஜனங்களைத் திரட்டியவர் அவர். 1940-ல் அவற்றைப் புத்தகமாகவும் போட்டார். பின்னாளில், தொழிற்சங்கவாதியும் 1947-ல் பாராளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவருமான சி. வி. வேலுப்பிள்ளை, தோட்டத் தொழிலாளர் வாயிலிருந்த பாடல்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். எழுத்தறியாத அந்த ஜனங்கள் கடல் கடந்தது, கங்காணியிடம் பட்டது, பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் கொழுந்து பறிக்கப் போனது ஆகியவற்றை அவர்கள் வாய்மொழியாக அறிய நமக்கு வேறு சாட்சி ஏது?

இந்தப் பக்கம் கேரளத்து மலையில் தேவிகுளம். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் நிறைந்த தொகுதி. 1957-ல் கம்யூனிஸ்டு வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் பெற்ற வெற்றி செல்லாதென்று தீர்ப்பாகி, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. புதிதாக அமைந்திருந்த ஈ. எம். எஸ். மந்திரிசபைக்கு அது பெரிய சோதனை. அப்போது மலை ஏறிப் போய் லயம் லயமாகப் பாடியவர் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன். கூலிக்காரர் பேசுகிற பேச்சிலேயே, அவர்கள் அறிந்த மெட்டிலேயே பாடினார். ரோசம்மா மறுபடி வென்றார். பாவலருடைய குழுவில் வளர்ந்த தம்பிதான் பின்னாளில் இளையராஜா. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது வயற்காட்டு மெட்டு என்று தமிழ்நாடே கொண்டாடியதே, அந்த மெட்டு எந்த மேடையில் பழகியது? நாம் இன்று ஆர்கெஸ்ட்ராவுக்குக் காசு கொடுத்துக் கேட்கிற பாட்டின் தாய்வீடு, நாம் மைக்கைப் பிடுங்கிக்கொண்ட அந்தப் பத்து நிமிடம்தான்!

அதிகாரத்துக்குத் தெரிந்தது

பாட்டின் பலம் நமக்குத் தெரியாவிட்டாலும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். சாராயக் கடையை மூடு என்று பாடிய இரண்டு பாட்டுக்காக, 2015 அக்டோபர் 30 அன்று மக்கள் கலை இலக்கியக் கழகத்துப் பாடகர் கோவனைத் திருச்சியில் வீடு புகுந்து கைது செய்தார்கள். தேசத்துரோகப் பிரிவு போட்டார்கள். கையில் பறை வைத்திருந்தவருக்கு! இங்கே புனேயில், 2002 குஜராத் கலவரத்தைக் கண்டு கொதித்த உழைக்கும் வீட்டு இளைஞர்கள் தொடங்கியது கபீர் கலா மஞ்ச். அதைச் சேர்ந்த மூவர் 2020 செப்டம்பரில் கைதாகிப் பல ஆண்டு சிறையில் கிடந்தார்கள். வழக்கு நீதிமன்றத்துக்குரியது, அதற்குள் நாம் போகவில்லை. ஆனால் வெறும் பொழுதுபோக்கு என்று நாம் தள்ளுவதை ஆட்சியாளர் அப்படித் தள்ளுவதில்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

இதனால் பயப்படுகிற தோழர்களும் உண்டு. "வந்த இடத்தில் வம்பு எதற்கு?" என்கிறார்கள். பயம் நியாயமானது; நாமும் குடும்பம் உள்ளவர்களே. ஆனால் அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று பொய் சொன்னதைப் பாடினால் எந்தப் போலீஸ் வரும்? அதைப் பாடவும் மேடை தராத நாம், பயத்தைக் காரணம் காட்டுவது சரியல்ல. தடுத்தது போலீஸ் அல்ல. ஒரு வெள்ளைக் காரும் நம் புத்தியும்.

என்ன செய்ய வேண்டும்?

எழுதிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது நம் வழக்கம் அல்ல. கிளைகளின் முன் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

1. சங்கத்தின் எந்த விழாவானாலும் முதல் அரை மணி நேரம் நம் சொந்தப் பாட்டுக்காரர்களுக்கு. கூட்டம் நிறைந்த பிறகு, நல்ல மைக்கில். சிறப்பு விருந்தினர் வந்தால் அவரும் உட்கார்ந்து கேட்கட்டும்.

2. பாட வருகிறவர்களுக்குப் பொன்னாடை வேண்டாம். இழந்த ஷிப்டுக்குரிய கூலியும் பஸ் சார்ஜும் கொடுங்கள். கிடாருக்குத் தந்தியும் டேப்புக்குத் தோலும் சங்கச் செலவில் வாங்குங்கள்.

3. மாதத்தின் கடைசி ஞாயிறு மாலை சங்க அறையில் பாட்டுக் கூடுகை. தலைவர் இல்லை, தீர்மானம் இல்லை. பாடத் தெரிந்தவர் பாடட்டும், தெரியாதவர் கேட்கட்டும். பெண்கள் வந்து திரும்பும் நேரத்தைக் கணக்கில் கொண்டு தொடங்கி முடிக்க வேண்டும்.

4. பாட்டுகளை நோட்டில் எழுதி, போனில் பதிவு செய்து வைக்க வேண்டும். கட்டியவர் பெயர் அவர் சம்மதித்தால் மட்டுமே வெளியே போகலாம். காண்டிராக்டர் காதுக்குப் போனால் யாருக்கு வேலை போகும் என்பதை நாம் அறிவோம்.

5. பாட்டைத் திருத்தும் உரிமை விழாக் குழுவுக்குக் கிடையாது. நமக்கும்தான்.

6. பக்கத்து அறையில் பீகாரி இருக்கிறான், ஒடியா இருக்கிறான்; சவுக்கில் மராத்தி ஷாஹிர் இருக்கிறார். அவர்களையும் அழைக்க வேண்டும். வருகிற ஆகஸ்ட் 1 அன்று அண்ணாபாவ் சாட்டே விழாவுக்கு நம் லாவணிப் பெரியவர் டேப்போடு போகட்டும். மொழியால் நம்மை மோதவிட நினைக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பதில் இல்லை.

கடைசியாக ஒன்று. விழா முடிந்து பதினைந்து நாள் கழித்து நாம் நாணேகர்வாடிக்குப் போனோம். தம்பியிடம் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்லண்ணே" என்றார். பாட்டின் இரண்டாம் பாதி என்ன என்று கேட்டோம். "அதை இப்ப பாட வரலண்ணே. இன்னொரு நாள்" என்று சொல்லிவிட்டு நைட் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்த இரண்டாம் பாதி இன்னும் நமக்குத் தெரியாது. அந்த அம்மா கடைசியில் என்ன சொன்னாள், இவன் என்ன சொன்னான் என்பதைக் கேட்காமலே அன்று நாம் ஆர்கெஸ்ட்ராவுக்குக் கை தட்டினோம். அதைக் கேட்கிற கடமை சங்கத்துக்கு இருக்கிறது. வருகிற கடைசி ஞாயிறு மாலை அறை திறந்திருக்கும். தோழர்கள் வரவேண்டும். மாற்றுக் கருத்துள்ளவர்கள் இந்தப் பக்கங்களில் எழுதவேண்டும், வெளியிடுவோம்.

– சாகண் கிளைக்காக, ஒரு ரயில்வே குமாஸ்தா